சிவப்புத் துணி இல்லாத சக்கரம்

பால் பாக்கெட்டோடு தெருமுனை திரும்பியவள், வீட்டு வாசலில் அந்தத் துணியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

சிவப்புத் துணி. கணவனின் கையில். அவனுடைய ரொட்டி வண்டியின் முன்கண்ணாடியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்தத் துணி எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"இதுவா? நேத்து ராத்திரி உன் பட்டறையிலேர்ந்துதான். ரெண்டு சக்கரத்தைச் சேர்த்துக் கோமணம் மாதிரி கட்டி வெச்சிருந்தியே. நல்லாத் துடைக்குது. அழுக்கெல்லாம் ஓடியே போச்சு பாரு!"

அவள் பார்க்கவில்லை. வீட்டை ஒட்டியிருந்த பட்டறைக்குள் ஓடினாள்.

கொக்கியில் இரண்டு சக்கரங்கள் தொங்கின. கறுப்பு டயர் போட்டவை. பக்கத்துக் கொக்கி காலி. சைக்கிள் நிறுத்தும் இடமும் காலி.

பழுப்பு டயர் போட்ட சக்கரங்களைக் காணோம்.

 சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் நாத்தனார் காலையிலயே கிளம்பிட்டா" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தான் கணவன். "மலைக்குப் போய் ஒரு தடவை ஏறி இறங்கிட்டு வர்றேன்னா. ஆங், மறந்துட்டேன். உனக்கு ரொம்ப ரொம்பத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னா."

தேங்க்ஸ்!

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. 'பசைக்காரி' என்றால்தான் தெரியும். பந்தய சைக்கிள்களுக்கு ட்யூபுலர் டயர் ஒட்டுவது அவள் தொழில். சாதாரண சைக்கிளில் ட்யூப் தனி, டயர் தனி. டயரின் ஓரத்தை ரிம் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ட்யூபுலர் அப்படியில்லை. ட்யூபை உள்ளே வைத்து டயரைச் சுற்றிலும் தைத்து மூடிவிடுவார்கள். பாம்பு மாதிரி வழுவழுவென்று ஒரு வளையம், அவ்வளவுதான். ரிம்மில் அதைப் பிடித்து வைத்திருப்பது பசை மட்டுமே.

புது டயர் லேசில் ரிம்மில் ஏறாது. அதனால் முதலில் பசையே தடவாமல் வெறும் ரிம்மில் மல்லுக்கட்டி ஏற்றி, முழுக் காற்றடித்து, சில நாள் தொங்கவிட வேண்டும். டயர் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அப்புறம் கழற்றி, பசை பூசி, காயவைத்து, மறுபடி பூசி ஒட்ட வேண்டும்.

ஆபத்து அந்த இடைப்பட்ட நாட்களில்தான். சும்மா ஏற்றிய டயரும் ஒட்டிய டயரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தட்டினால் ஒரே சத்தம். நேராக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. வேகமாக வந்து ஒரு வளைவில் சாய்க்கும்போதுதான் தெரியும். ரிம் ஒரு பக்கம் போகும், டயர் ஒரு பக்கம் போகும். ஓட்டியவர் எந்தப் பக்கம் போவார் என்பது சாலைக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மலைச் சாலைக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெறும் பள்ளம்.

அதனால்தான் சிவப்புத் துணி. பசை போடாத சக்கரம் என்றால் ஆரக்கம்பியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். பட்டறையின் ஒரே சட்டம் அது. நாத்தனாருக்கு அது தலைகீழ்ப் பாடம்.

ரொட்டி விற்கிற கணவனுக்குத்தான் தெரியாது.

முந்தின வாரச் சண்டை காதுக்குள் கேட்டது.

"அண்ணி, இந்தப் பழுப்பு டயரைப் பாருங்களேன். பருத்தி நூல். கையில வெச்சா வெச்ச மாதிரியே இல்ல, அவ்ளோ லேசு!"

"வெண்ணெய்கூட லேசாத்தான் இருக்கு. அதுல ஏறி மலை இறங்குவியா?"

"இருபத்திமூணு மில்லிமீட்டர் அண்ணி. கத்தி மாதிரி கிழிச்சுக்கிட்டுப் போகும்."

"முதல்ல உன்னைக் கிழிக்கும். இந்த மலையில வளைவுக்கு வளைவு ஜல்லி கிடக்கு. கறுப்பு போடு. இருபத்தஞ்சு. அகலம் இருக்கு, காத்தைக் கொஞ்சம் குறைச்சு அடிச்சா ரோட்டைப் பிடிச்சுக்கும். அடியில முள் தாங்கற பட்டையும் இருக்கு."

"அது டிராக்டர் டயர்!"

"நீ முழுசாத் திரும்பி வர்றதுக்கு டிராக்டரே தேவலை."

"ஒரே ஒரு ரேஸ், அண்ணி. என் செல்ல அண்ணி இல்ல?"

"முடியாது. முடியாதுன்னா முடியாது."

கறுப்பு டயரை அவள் நேற்றுத்தான் ஒட்டி முடித்தாள். இன்று முழுக்கக் காய வேண்டும். நாளை ரேஸ்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். அண்ணி முடியாது என்று கத்தினால் பின்னால் சத்தமில்லாமல் செய்துவைத்திருப்பாள் என்று அர்த்தம். பிறந்தநாளுக்குக் கேட்ட ஷூ அப்படித்தான் வந்தது. வேலையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றபோதும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எட்டாம் நாள் மாமனாரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

இந்தத் தடவையும் பாதி செய்துதான் வைத்திருந்தாள். அடுத்த ரேஸுக்கு ஆகட்டுமே என்று பழுப்பு டயரை ஏற்றிக் காற்றடித்துத் தொங்கவிட்டிருந்தாள். துணியும் கட்டியிருந்தாள்.

துணி இல்லாத பழுப்புச் சக்கரங்களைக் காலையில் பார்த்த நாத்தனார் என்ன நினைத்திருப்பாள்? 'அடடே, அண்ணி எனக்குத் தெரியாம ஒட்டிக் காயவெச்சுட்டாங்க!'

அதுதான் தேங்க்ஸ்.

பசைக்காரி போனை எடுத்து அழுத்தினாள். மணி அடித்தது. வேலை மேஜையிலேயே அடித்தது. பசை டப்பாக்களுக்கு நடுவே நாத்தனாரின் போன் சாவகாசமாக அதிர்ந்துகொண்டிருந்தது. மலை ஏறும்போது ஒரு கிராம்கூட அவளுக்குப் பாரம்.

"வண்டியை எடுங்க!"

"ரொட்டி இன்னும் இறக்கலையே..."

"வண்டியை எடுங்கன்னு சொல்றேன்ல! அம்பு செத்துருவா!"

'அம்பு' என்பது தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர். பதிலுக்குத் தங்கை அண்ணனுக்கு வைத்த பெயர் 'நத்தை'. மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது என்பாள்.

நத்தை மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான்.

ஊர் எல்லைப் பாலம் தாண்டும்போதுதான் அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பின்னால் ரொட்டித் தட்டுகள் கடகடவென்று ஆடின.

"போலீஸுக்கு போன் பண்ணலாமா?" என்றான்.

"என்னன்னு சொல்வீங்க? என் தங்கச்சி சக்கரத்துல பசை இல்லைன்னா?"

"நான்... நான் அந்தத் துணியை..."

"இப்ப அதைப் பேசாதீங்க. மிதிங்க. ஏறும்போது பயமில்ல. மெதுவாத்தான் போவா, சாய்க்க மாட்டா. உச்சி தாண்டிட்டாத்தான்..."



மலைச் சாலை ஆரம்பித்தது. முதல் வளைவு. இரண்டாவது. வண்டி திரும்பும்போதெல்லாம் அவள் கண் சாலையைத் தாண்டிப் பள்ளத்துக்குப் போனது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டாள். பார்த்தாள்.

அடுத்த வளைவின் ஓரத்தில், தடுப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம், மஞ்சளாக ஏதோ கிடந்தது.

அம்பு மஞ்சள் பனியன்தான் போடுவாள்.

"நிறுத்துங்க!"

வண்டி நிற்கும் முன்பே குதித்தாள். கல்லைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

சட்டை. வெறும் மஞ்சள் சட்டை. சாலை வேலை செய்கிறவர்கள் போடுவது. கொஞ்சம் தள்ளி அதன் சொந்தக்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்று, இவளை விநோதமாகப் பார்த்தார்.

"என்னம்மா, சட்டை வேணுமா?"

"சைக்கிள்ல ஒரு பொண்ணு போச்சா? பாத்தீங்களா?"

"போச்சே. பாட்டு வேற பாடிக்கிட்டு. இந்த ஏத்தத்துல எனக்கு மூச்சே வரமாட்டேங்குது, அதுக்குப் பாட்டு வருது. ஆனா சைக்கிள்ல ஏதோ கோளாறுபோல. பின் சக்கரம் டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே போச்சு. கூப்பிட்டுச் சொன்னேன், கையை ஆட்டிட்டுப் போயிருச்சு."

டக்கு டக்கு. டயர் ரிம்மின் மேல் நகர ஆரம்பித்துவிட்டது. காற்றடிக்கும் வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்து இடிக்கிறது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் வால்வு பிய்ந்துவிடும். காற்று போனால் பிடித்து வைக்கக் கடுகளவும் ஒன்றுமில்லை.

திரும்ப ஓடிவந்து ஏறினாள். "போங்க!"

நத்தைக்கு மூன்றாவது கியர் தெரிந்திருந்தது. அதற்கு மேலும் தெரிந்திருந்தது. ஒரு ரொட்டித் தட்டு கழன்று பின்கதவில் மோதியது. அவன் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வேண்டுதலா, தன்னையே வைதுகொள்கிறானா, அவளுக்குத் தெரியவில்லை.

ஏற்றம் தணிந்தது. உச்சியின் ரேடியோ கோபுரம் தெரிந்தது. அதன் கீழே, சாலையோரத்தில், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி மஞ்சள் பனியன். தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

உயிரோடு!

பசைக்காரிக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. "அதோ, அதோ நிக்கிறா!"

நத்தைக்கும் தாங்கவில்லை. சந்தோஷத்தில் கை தானாகப் போயிற்று. பாம், பாம் என்று இரண்டு தரம் ஹாரன் அடித்தான்.

"ஐயோ, அடிக்காதீங்க!"

அடித்தாயிற்று.

ஒவ்வொரு ரேஸிலும் இந்த வண்டி தங்கைக்குப் பின்னால் வரும். ஒவ்வொரு ரேஸிலும் அவன் இரண்டு தரம் ஹாரன் அடிப்பான். இரண்டு தரம் அடித்தால் ஒரே அர்த்தம்தான்: விடாதே, பறந்து போ.

அம்பு திரும்பிப் பார்த்தாள். வண்டியைக் கண்டதும் முகமெல்லாம் பல். தண்ணீர் பாட்டிலைச் சட்டென்று சொருகினாள். கையை உயர்த்தி ஒரு தரம் ஆட்டினாள். எழுந்து நின்று மிதித்தாள்.

இறக்கத்தில் இறங்கிவிட்டாள்.

நத்தை 'அம்மா' என்றான்.

உச்சிக்கு அப்புறம் சாலை கயிறு பிடித்த மாதிரி நேராக இறங்கும். நீளமான இறக்கம். அதன் முடிவில்தான் முதல் வளைவு. இடதுபக்கம் முழங்கை மாதிரி மடங்கும். நேரே போனால் லாரிகளுக்காகப் போட்ட மணல் மேடு இருக்கிறது. பிரேக் பிடிக்காத லாரி வளைவில் திரும்ப முடியாமல் வந்தால் அந்த மேட்டில் ஏறிப் புதைந்து நின்றுவிடும்.

மணல் மேடு!

"பக்கத்துல போங்க. அவ பக்கத்துல ஒட்டினாப்ல போங்க. இடிச்சிராதீங்க. ஹாரன் அடிச்சா கையை வெட்டிப்புடுவேன்!"

அம்பு நிஜமாகவே அம்புதான். குனிந்து, கைப்பிடியில் முகவாய் படுகிற அளவுக்கு மடங்கி, காற்றைக் கிழித்துப் போய்க்கொண்டிருந்தாள். வண்டி மெல்ல மெல்ல நெருங்கியது. பசைக்காரி ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினாள். இப்போது அவள் கண்ணுக்கு நாத்தனார் தெரியவில்லை. பின் சக்கரத்தின் வால்வுதான் தெரிந்தது. பசை போட்ட சக்கரத்தில் நேராக நிற்க வேண்டிய வால்வு, விழப்போகிற பல் மாதிரி சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

கத்தினால் திடுக்கிட்டு முன் பிரேக்கைப் பிடிப்பாள். முன் பிரேக் பிடித்தால் முன் டயர் போச்சு. கத்தாவிட்டால் வளைவில் சாய்ப்பாள்.

மூச்சை இழுத்துப் பிடித்தாள். பட்டறையில் ஸ்பானர் கேட்கிற அதே குரலை எங்கிருந்தோ கொண்டுவந்தாள்.

"அம்பு."

"அண்ணி! சூப்பர் டயர் அண்ணி! பின்னால மட்டும் என்னமோ தட்டுது..."

"பிரேக்கைத் தொடாதே."

"என்னது?"

"பிரேக்கைத் தொடாதேடி, கண்ணு. ஹேண்டிலைத் திருப்பாதே. நான் சொல்றதை மட்டும் கேளு. அந்த டயர் இன்னும் ஒட்டலை."

சிரிப்பு அந்த முகத்திலிருந்து துடைத்தாற்போல் போனது. அம்பு தன் முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். எதற்கும் பயப்படாத பெண் என்று ஊர் சொல்லும். பசைக்காரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்படிப் பயந்த கண்ணை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரெண்டுமா, அண்ணி?"

"ரெண்டும்."

"துணி இல்லையே..."

"தெரியும். நிமிர்ந்து உக்காரு. நெஞ்சை விரி, காத்து உன்னைப் பிடிக்கட்டும். அப்படித்தான். முழங்காலையும் அகட்டு."

அம்பு நிமிர்ந்தாள். மஞ்சள் பனியன் பாய்மரம் மாதிரி உப்பியது. வேகம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

"அண்ணி, வளைவு வருது."

"வரட்டும். நீ திரும்பப் போறதில்ல. நேரா மணல் மேட்டுக்குள்ள விடு."

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். உன் அண்ணன் மூஞ்சியைப் பாரு, அவருக்கு நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பயம். நேரா பாரு. மணலை மட்டும் பாரு. உடம்பை லேசா விட்டுடு, விறைக்காதே."

"அண்ணி, கூடவே வாங்க..."

வர முடியாது. சாலை மடங்கிற்று. நத்தை பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். வண்டி கிறீச்சிட்டு, தீய்ந்த நாற்றத்தோடு, தடுப்புச் சுவரை உரசி நின்றது. பின்னால் அத்தனை தட்டும் சரிந்தது.

அம்பு திரும்பவில்லை. ஒரு மயிரிழைகூடச் சாய்க்கவில்லை. நேராகப் போனாள்.

முன் சக்கரம் மணலில் புதைந்தது. சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் மட்டும் நிற்கவில்லை. மஞ்சள் பனியன் காற்றில் ஒரு தரம் புரண்டு, மேட்டின் மேல் விழுந்து, உருண்டு, அசையாமல் கிடந்தது.

சத்தமே இல்லை. காற்றுகூட நின்ற மாதிரி இருந்தது.

பசைக்காரி மணலில் முழங்கால் புதையப் புதைய ஓடினாள். வழியில் முன் சக்கரத்தின் டயர் கிடந்தது. ரிம்மை விட்டு முழுசாகக் கழன்று, சட்டை உரித்த பாம்பு மாதிரி. அதைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்பு! ஏய்! ஏய், பேசுடி!"

மணலுக்குள்ளிருந்து ஒரு இருமல்.

"வாயெல்லாம் மண்ணு, அண்ணி."

பசைக்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாத்தனாரின் முகத்தைத் தடவினாள். கழுத்து, கை, விரல் ஒவ்வொன்றாகத் தொட்டாள். இடது தோளில் கை பட்டதும் அம்பு வீரிட்டாள். தோள் எலும்பு கோணலாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"நாளைக்கு ரேஸ்..."

"ரேஸ் கிடக்கட்டும்."

நத்தை மூச்சிரைக்க வந்து நின்றான். தங்கையைப் பார்த்தான். குழந்தை மாதிரி தேம்ப ஆரம்பித்தான்.

"நான்தான்மா அந்தத் துணியை எடுத்தேன். கண்ணாடி துடைக்க எடுத்தேன். எனக்குத் தெரியாதும்மா."

அம்பு ஒரு கணம் அவனையே பார்த்தாள்.

"கண்ணாடி சுத்தமாச்சா?"

"ஆச்சு."

"அப்ப சரி. அழாதே. நத்தை அழுதா ஓட்டுக்குள்ள தண்ணி போயிரும்." சிரிக்கப் போனவள் வலியில் முகத்தைச் சுளித்தாள். "இவ்ளோ வேகமா வண்டி ஓட்டுவேன்னு சொல்லவே இல்லையே, அண்ணா?"

அப்போதுதான் பசைக்காரி தன் இடது கையைக் கவனித்தாள். பால் பாக்கெட். வீட்டிலிருந்து மலை உச்சி வரை, ஜன்னலில் தொங்கியபோதும், மணலில் ஓடியபோதும் அதை விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். லேசான குளிர்ச்சி இன்னும் மிச்சம் இருந்தது. அதை நாத்தனாரின் தோளில் ஒத்தடமாக மெல்ல வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நத்தை இரண்டாவது கியரிலேயே ஓட்டினான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அம்புவின் நல்ல கை பசைக்காரியின் கையைத் தேடி வந்து இறுக்கியது. வளைவு முடிந்த பிறகும் விடவில்லை.

"அண்ணி."

"ம்."

"அந்த முன் டயர் எப்பக் கழண்டுச்சு? மணல்லயா, முன்னாடியேவா?"

பசைக்காரி யோசித்தாள். மேட்டுக்குள் நுழையும் சக்கரத்தடம் அவள் கண்ணில் இருந்தது. தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்திலேயே அது இரண்டு கோடாகப் பிரிந்திருந்தது. ஒன்று ரிம் போட்டது. இன்னொன்று டயர் போட்டது. தாரிலேயே கழன்றுவிட்டிருக்கிறது.

"மணல்லதான்" என்றாள்.

அன்று சாயங்காலம் கட்டுப் போட்ட தோளோடு அம்பு பட்டறை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். படு என்று சொன்னதைக் கேட்கவில்லை. கொக்கியில் தொங்கிய கறுப்புச் சக்கரத்தைக் கண்ணால் காட்டினாள்.

"அதை எடுத்துக் குடுங்க."

"எதுக்கு? காயட்டும்."

"குடுங்க, அண்ணி."

பசைக்காரி காற்றை இறக்கிவிட்டுச் சக்கரத்தை நாத்தனாரின் மடியில் வைத்தாள். அம்பு நல்ல கையின் கட்டைவிரலால் டயரை ரிம்மிலிருந்து தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. நகம் வெளுக்கத் தள்ளினாள். அசையவில்லை. கொஞ்சம் திருப்பி, அடுத்த இடத்தில் தள்ளினாள். இப்படியே ஒரு முழுச் சுற்று.

பிறகு சக்கரத்தை நீட்டினாள்.

"இப்ப நீங்க."

ஒட்டியவள் அவளேதான். எத்தனை பூச்சு என்பதும் அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் மறுக்கவில்லை. வாங்கி, கட்டைவிரலை வைத்துத் தள்ள ஆரம்பித்தாள்.

வாசலில் நத்தை பழைய செய்தித்தாளால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.